சாமி மேடையில் ஒரு வைஃபை பெட்டி

தன் வீட்டைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கும் பாக்கியம் கஸ்தூரிக்கு நாற்பத்தாறாவது வயதில்தான் வாய்த்தது. சிங்கப்பூருக்கு இக்கரையில், தம்போயில் ஒரு தாமான் குடியிருப்பு, அதில் ஒரு வரிசை வீடு. வாங்கிப் பல வருடமாகிறது. ஆனால் அவள் அதில் குடியிருந்ததெல்லாம் இருட்டில்தான். விடியுமுன் கிளம்பி, பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் நின்றுவிட்டு, இருட்டியபின் திரும்புவாள். தூங்கியும் தூங்காமலும் பஸ்ஸில் கழிந்த அந்த நேரங்களைச் சேர்த்துவைத்தால் தனியாக ஓர் ஆயுசே தேறும். பஸ் கண்ணாடியில் சாய்ந்த நெற்றி, கடல்நீரில் அசையாமல் கிடந்த விளக்குகள், இவற்றைத் தவிர அந்த ஆயுசில் எதுவும் நடந்ததில்லை.

தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்தபோது அவள் அழுதாள். அடுத்த வேலை கிடைத்தபோதும் அழுதாள், வேறு காரணத்துக்காக. சிங்கப்பூரில் இருக்கும் ஓர் இணையக் கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்லும் வேலை அது. ஹாலில் ஒரு மேசை, காதில் ஒரு ஹெட்செட். மதியம் தொடங்கி இரவு எட்டு மணிவரை யாராவது ஒருவர் தன் வீட்டில் வைஃபை வரவில்லை என்று கோபப்படுவார். கஸ்தூரி பதிலுக்குக் கோபப்படமாட்டாள். பெட்டியை அணையுங்கள், கொஞ்சம் பொறுங்கள், திரும்பப் போடுங்கள் என்பாள். உலகத்து வியாதிகளில் பாதிக்கு இதுவே போதும் என்பது அவள் அனுபவம்.

இரண்டு அழைப்புகளுக்கு நடுவே வீடு மெல்ல மிதக்கும். கம்பிக் கதவின் பூவேலையை வெயில் தரையில் வரைந்து, யாருக்கும் தெரியாமல் நகர்த்திக்கொண்டே போய், சோபாவின் காலடியில் விட்டுவிடும். இத்தனை வருடமும் ஆளில்லாத வீட்டில் இது தினசரி நடந்ததா என்று அவளுக்கு வியப்பாக இருக்கும். காதுக்குள் யார் வீட்டுக் குழந்தையோ அழும், யார் வீட்டுக் கிளியோ ஏதோ சொல்லும். முன்பு உடம்பு ஊர் தாண்டிப் போக, பெயருக்கு வீட்டில் வாழ்ந்தாள். இப்போது வீட்டில் உட்கார்ந்தபடி ஊர் தாண்டிய வீடுகளுக்குள் நடமாடினாள். எதிரே சாமி மேடையில், முருகன் படத்துக்கும் அம்மன் படத்துக்கும் இடையில், வைஃபை பெட்டியின் பச்சை விளக்குகள் இமைத்துக்கொண்டிருக்கும். பிளக் அங்கேதான் இருந்தது என்பதால் அது அங்கே போயிற்று. பிறகு அந்த இடம் அதற்குப் பொருத்தமாகவும் போயிற்று.

ஆயுத பூசைக்கு மறுநாளிலிருந்துதான் தொல்லை. சாயங்காலமானால் பச்சை விளக்கு சிவப்பாகிவிடும். "மேடம், இப்ப நீங்க பின்னால இருக்கற" என்னும் இடத்தில் கஸ்தூரியின் குரல் அறுந்துபோகும். நோயாளி நாக்கை நீட்டிக் காத்திருக்கையில் மருத்துவர் மயங்கி விழுந்ததைப் போன்ற நிலைமை. ஓடிப்போய் சுவிட்சை அணைப்பாள், பொறுப்பாள், திரும்பப் போடுவாள். உயிர் வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போகும்.

மழைக்காலம் என்பதால் பழி மழைக்குப் போயிற்று. லைன் கம்பெனியிலிருந்து ஒரு மலாய் இளைஞர் வந்தார். காலணியை வெளியே கழற்றிவிட்டு, சுவர் முனையில் கருவியைச் செருகிப் பார்த்து, லைன் அருமையாக இருக்கிறது என்றார். சாமி மேடையருகே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறர் சாமியைத் தொடுவது மரியாதையில்லை என்று அவரை நன்றாக வளர்த்திருந்தார்கள். அக்காவே ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்றார். போட்டாள். பச்சை எரிந்தது. இருவரும் திருப்தியாகப் பிரிந்தார்கள்.

மேற்பார்வையாளர் சுபத்திராவுக்கு மட்டும் திருப்தியில்லை. கோபத்தைக்கூட இஸ்திரி போட்டுப் பேசுகிற பெண் அவள். "அக்கா, உங்களக் குறை சொல்லல. ஆனா இந்த வாரம் இன்னொரு தடவ லைன் போச்சுன்னா, ஆபீசுக்கே வந்து வேல பாருங்கன்னு சொல்லிடுவாங்க. என் கையில இல்லக்கா."

ஆபீஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம். அப்படியென்றால் பஸ். அன்று கனவில் கஸ்தூரி பஸ் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்திருந்தாள். வெளியே அவள் வீட்டு வெயில், கம்பிப் பூக்களோடு, பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அவள் கணவர் வீரமுத்துவுக்கும் பஸ்தான் பிழைப்பு; தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கும் பஸ். ஆயுத பூசை அவருக்கு வருடத்தின் முதன்மையான பண்டிகை. டயருக்கு எலுமிச்சம்பழம், ஸ்டியரிங்குக்கு மாலை. அந்த பஸ் நடுவழியில் நின்றதே இல்லையா என்றால், நின்றிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் பட்டறைக்குப் பக்கத்தில் நின்றது. அதுவும் பூசையின் பலன்தான். இந்த வருடம் வைஃபை பெட்டிக்கும் பூசை என்றார். பூசையில் வைத்த சாமானை ஒருநாள் பயன்படுத்தக்கூடாது என்பது முறை. ஒருநாள் லீவு கேட்க முடியாது என்பது கஸ்தூரியின் நிலை. கடைசியில் பெட்டி ஓடிக்கொண்டே பூசை வாங்கிக்கொண்டது. சந்தனம், குங்குமம், மேலே ஒரு சின்னச் சிவப்புப் பட்டு. "ஒன்ன பஸ்ஸுலேர்ந்து எறக்கிவிட்டது இதுதானே," என்றார் அவர். அதன்பிறகு அந்தப் பட்டுத் துணியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

சுபத்திரா எச்சரித்த அந்த வார வெள்ளிக்கிழமை, பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு சீனக் கிழவி அழைத்தார். சாயங்காலமானால் பேரனோடு வீடியோவில் முகம் பார்த்துப் பேச முடியவில்லையாம். வெளியே தூறல், கதவருகே மங்கலான வெளிச்சம். தலைக்குக் குளித்து வேட்டி கட்டிய வீரமுத்து, விளக்கேற்றத் தீப்பெட்டியோடு வந்து நின்றார். கஸ்தூரி பாதித் தூக்கத்தில் நடப்பவளைப்போல, நூறு முறை கேட்ட கேள்வியைக் கேட்டாள்: பெட்டியின் மேல் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? ஒன்றுமில்லை, தூசி படாமலிருக்க நானே பின்னிய துணி ஒன்றைப் போர்த்தியிருக்கிறேன், அவ்வளவுதான் என்றார் கிழவி.

அதை எடுங்கள், சூடு வெளியே போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கஸ்தூரி நிமிர்ந்தாள். சாமி மேடையில் பச்சை விளக்கு தயங்கித் தயங்கி இமைத்தது. அதற்கு நேர் கீழே, தினமும் இந்நேரம் ஏற்றுகிற விளக்கின் திரிக்குத் தீக்குச்சி போய்க்கொண்டிருந்தது.

அவள் கிழவிக்குக் கேட்காதபடி ஹெட்செட்டில் தன் குரலை அடைத்துவிட்டுத் திரும்பினாள். "ஏங்க, வெளக்க ஏத்தாதீங்க. அந்தத் துணிய எடுங்க."

"எந்தத் துணி? பட்டா?"

"மூச்சு முட்டுது அதுக்கு."

வீரமுத்து அம்மன் படத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். குச்சியை ஊதிவிட்டு, இரண்டு கையாலும் பட்டைத் தூக்கினார். பெட்டியைத் தொட்டவர் கையை இழுத்துக்கொண்டார், தோசைக்கல்லைத் தொட்டதைப்போல. காற்றுத் துளைகளின் மேல் வரிசையாக மூன்று பட்டை சந்தனம், அடிக்கிற சூட்டில் காய்ந்து, சிமெண்டாகியிருந்தது.

அணைத்துத் துடைக்க வழியில்லை. கிழவி லைனில் இருந்தார். எட்டு மணிவரை இன்னும் யார் யாரோ வருவார்கள். வீரமுத்து யோசித்து, கோயில் திருவிழாவில் கொடுத்த பிளாஸ்டிக் விசிறியை எடுத்துவந்து விசிற ஆரம்பித்தார். வேட்டி, திருநீறு, விசிறி. கம்பிக் கதவுக்கு வெளியே போன பக்கத்து வீட்டு ராஜம்மா நின்று பார்த்து, இன்னைக்கு என்ன விசேஷம் என்று கேட்டார். ஒண்ணுமில்லக்கா, உபசாரம் என்றார் வீரமுத்து, கையை நிறுத்தாமல்.

கிழவி தன் வீட்டில் பச்சை வந்துவிட்டது என்றார். கஸ்தூரி வீட்டில் பச்சை போகவேயில்லை. அடுத்தவர் வந்தார், அதற்கடுத்தவரும் வந்தார். விசிறியின் சத்தமும் தூறலின் சத்தமும் ஒன்றாகி, வீடே ஒரு பெரிய படகாகி அவர்களைச் சுமந்துபோவதாக அவளுக்குத் தோன்றியது. அந்தப் படகு மட்டும் எந்தப் பாலத்தையும் கடக்கவில்லை.

எட்டு மணிக்குமேல் வீரமுத்து பழைய பல்துலக்கியால் துளை துளையாகச் சந்தனத்தைச் சுரண்டினார். கடைசித் துளையை ஊதிப் பார்த்தார். பிறகு, "நாந்தான் ஒன்னத் திரும்ப பஸ்ஸுல ஏத்தப் பாத்தேன்," என்றார்.

"ஏத்தலையே," என்றாள் கஸ்தூரி.

பெட்டியை ஜன்னலோரம் ஸ்டூலுக்கு மாற்றி, வயரை நீட்டினார்கள். சாமி விளக்கை அன்று தாமதமாக ஏற்றினார்கள். சாமி கும்பிட்டு முடித்து, வீரமுத்து சந்தனக் கிண்ணத்தோடு ஜன்னலுக்கு வந்தார். ஒரு விரலில் கொஞ்சம் எடுத்து, பெட்டியின் பக்கவாட்டில் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

"இங்க ஓட்ட இல்லயே?"

கஸ்தூரி குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இல்ல. வைங்க."