இல்லாத ரயிலின் டிரைவர்

வித்துராவைத் தாண்டி மலையேறும் வழியில் யாரிடம் கேட்டாலும் டிரைவர் தளவாயின் வீட்டைக் காட்டுவார்கள். அவர் வாழ்நாளில் ஒரு சைக்கிளைக்கூட நேராக ஓட்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

அந்த மலையில் ஒரு காலத்தில் குட்டி ரயில் ஒன்று ஓடியது. எஸ்டேட்டிலிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கீழே ரோட்டுக்குக் கொண்டுவர வெள்ளைக்காரக் கம்பெனி போட்ட தண்டவாளம். மழை வந்தால் மண் சரிந்து ரயில் மாதக்கணக்கில் படுத்துக்கொள்ளும். எழுந்தால் மாடு மறிக்கும். லாரி போக ரோடு வந்ததும் எஞ்சினைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டு, சில வருஷத்தில் கம்பெனி தோட்டத்தையும் பூட்டிக்கொண்டு போனது. திருநெல்வேலிப் பக்கமிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பங்கள் எங்கே போவது? அந்தச் சரிவில் சமதரை என்று இருந்தது ரயில் போன தடம் மட்டும்தான். அதன்மேல் வீடு கட்டினார்கள், ஒன்றன்பின் ஒன்றாக, வளைவில் வளைந்து, பெட்டி பெட்டியாக. தண்டவாளங்கள் கூரைக்கு உத்தரமாயின. பக்கத்து வீட்டு லிங்கராஜுக்கு ஒன்று வாசல்படியானது.

தளவாய் அந்த ரயிலில் செய்த வேலை, எஞ்சினின் மூக்கில் குந்திக்கொண்டு, மழை நாளில் சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் மணல் தூவுவது. மீசை ஒழுங்காக முளைப்பதற்குள் ரயில் நின்றுவிட்டது. அதன் பிறகுதான் அவர் உத்தியோகத்தில் மளமளவென்று உயர்ந்தார். பெண் பார்க்கப் போனபோது ஃபயர்மேன். கல்யாணத்தன்று அசிஸ்டென்ட் டிரைவர். மூத்தவள் பிறந்தபோது டிரைவர். வயிற்றுப் பிழைப்புக்குக் கீழே நகரத்துக்குப் போய்க் கிழக்கேகோட்டையில் பரோட்டா வீசிய காலம் முழுவதும், மாவு அந்தரத்தில் சுழலும்போதும் அவர் வாயில் ரயில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அந்த ரயிலால்தான் ஆபத்து. வெறும் புறம்போக்கு என்றால் வீட்டுக்குப் பட்டயம், அதாவது பட்டா, உண்டு. ரயில் தடம் என்று தெரிந்தாலோ நிலம் இன்னும் கம்பெனியுடையது, எல்லோரும் இறங்க வேண்டியதுதான். சர்வேக்கு சர்க்கார் ஆள் வரப்போகிறது.

"ரயிலுங்கிற பேச்சே வாயில வரக்கூடாது," என்றாள் மனைவி பூமாரி. "டிரைவர்னு யாராச்சும் கூப்ட்டா, ஜீப்பு ஓட்டினேன்னு சொல்லணும்."

"என்னையப் போயி ஜீப்பு ஓட்டச் சொல்றியே?"

"ஏன், ஒங்க அந்தஸ்துக்குக் கொறச்சலோ?"

சர்வேக்கு வந்தவள் மாளவிகா, நகரத்தில் கோட்டைக்குள் இருக்கும் அக்ரஹாரத்துப் பெண். வந்ததும் வீடுகளைக் கோடியிலிருந்து கோடிவரை பார்த்தாள்.

"என்ன இது, எல்லா ஆத்தையும் ஒரே வரிசையா வளைச்சு வளைச்சுக் கட்டியிருக்கேள்?"

"ரேஷன் கடையில நின்னு பழகிப்போச்சு, மேடம்," என்றார் லிங்கராஜ்.

"பழைய ஃபைல்ல இங்கே ரயில் பாதைன்னு இருக்கே?"

"ரயிலா? அதெல்லாம் தம்பானூர் ஸ்டேஷன்லதான், கேட்டோ மேடம்," என்றாள் பூமாரி. தளவாய் வீட்டுத் திண்ணைக்கு மேலே, தண்டவாள உத்தரத்தின்மேல் முன்னெச்சரிக்கையாக நாலு சேலை தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. லிங்கராஜ் பழக்கதோஷத்தில், "டிரைவரே, மேடத்துக்கு ஒரு சேர் எடுத்துப் போடும்," என்று சொல்லும்வரை.

"நீங்க என்ன ஓட்டிண்டிருந்தேள்?"

"ஜீ..." என்று ஆரம்பித்தார் தளவாய். மேலே வரவில்லை.

மாளவிகா சிரித்தாள். "பரவாயில்லை. எனக்கும் அந்த ஃபைல்மேல நம்பிக்கை இல்லை. பேப்பர்லயே ரயில் விட்டிருப்பா. ஒருநாள்கூட ஓடியிருக்காது."

"ஓடலையா?" தளவாய் எழுந்துவிட்டார். "நான்ல ஓட்டினேன்!"

லிங்கராஜ் தன் வாசல்படியில் போய் உட்கார்ந்து அதை வேட்டியால் மூடிக்கொண்டார்.

தளவாயை இனி நிறுத்த முடியாது. வளைவுகள் வந்தன, புகை வந்தது, ஒரு மந்திரி வந்து எஞ்சினுக்கு மாலை போட்டார். தண்டவாளத்தில் யானை குறுக்கே நின்றது. இவர் விசில் ஊத, அது வழிவிட்டுத் தும்பிக்கையைத் தூக்கிக் கும்பிட்டது. மாளவிகாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலையில் கைவைத்திருந்த பூமாரி அந்தச் சிரிப்பைக் கவனித்தாள். கையை எடுத்தாள்.

"ஏங்க," என்றாள், "அந்த யானை மேட்டுல வண்டியத் தள்ளிவிட்டத விட்டுட்டீங்களே?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு கதையையும் கேட்டு வாங்கியதில்லை. தளவாய் சொக்கிப்போனார். யானை தள்ளியது.

"புலி டிக்கெட் கேட்டதச் சொல்லும்!" என்றார் லிங்கராஜ்.

அப்போதுதான் தளவாய்க்கு உறைத்தது. ஊரே சேர்ந்து அவர் ரயிலைப் பொய்யாக்கிக்கொண்டிருந்தது. முகம் தொங்கிவிட்டது.

"மேடம்," என்றார் மெதுவாக. "நான் டிரைவர் இல்ல. முன்னால உக்காந்து தண்டவாளத்துல மணல் தூவுவேன். அது சத்தியம்."

"மணலா!" மாளவிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரயிலுக்குக் கோலமா போட்டேள், மாமா? யானையைக்கூட நம்பலாம் போலிருக்கே!"

தளவாய் தலையைத் தூக்கினார். சேலைகளுக்கு நடுவே உத்தரம் ஒரு விரற்கடை தெரிந்தது. கையை நீட்டிக் காட்டினால் போதும். பூமாரி அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சும்மா சொன்னேன் மேடம்," என்றார். "நான் பரோட்டா மாஸ்டர்."

ரயில் பாதைக்கான அடையாளம் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு மாளவிகா போனாள். வரிசை முழுக்க ஒரே கும்மாளம். தளவாய் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். பூமாரி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"மணல் தூவினது எனக்குத் தெரியும். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே ஒங்க மாமா சொல்லிட்டாரு."

"அப்பறம் ஏன் கட்டிக்கிட்ட?"

"வீட்டுக்கு ரேடியோ வாங்க வேண்டாமேன்னுதான்."

தளவாய் டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"அந்த யானை நின்னது நெசம், கேட்டியா," என்றார்.