ஒரு ஆளுக்கு ஒரு கோடு

காலேஜ் என்ற பட்டப்பெயர் அவளுக்கு நாற்பதை நெருங்கும் வயதில்தான் வந்தது. அதுவரை அவள் எங்கள் சலவைக்கூடத்தின் இஸ்திரி மாடிக்கு மேற்பார்வைக்காரி, இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா, ஓட்டல் படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கண்ணில் பட்டால் அன்றைக்குச் சோறு இறங்காதவள், அவ்வளவுதான். முதலாளியின் மகன் அப்பாவின் தொழில் வேண்டாம் என்று கிளம்பிப் போன பிறகு, இவளைத்தான் மேனேஜர் ஆக்க வேண்டும் என்று முதலாளி நினைத்தார். தன் செலவிலேயே பல்கலைக்கழகத்தின் சாயங்கால வகுப்பில் சேர்த்துவிட்டார். வியாபார உத்தி, நிறுவன அமைப்பு என்று முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கு நடத்துகிற பாடம்.

முதல் நாள் இவள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்களாம்.

"டீச்சர்னு நினைச்சுட்டாங்க அக்கா. நானும் பெரிய மனுஷி மாதிரி உக்காருங்க உக்காருங்கன்னு சொல்லிட்டு, கடைசி பெஞ்சுல போய் உக்காந்தேன்."

சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பக்கத்து மேஜையில் மடித்துக்கொண்டிருந்த எனக்கும் விரிப்பு கையை விட்டு நழுவிப்போனது.

எங்கள் கட்டடத்தில் கீழே துவைக்கிற கூடம், மேலே இஸ்திரியும் மடிப்பும். கீழே பொறுப்பு சித்தப்பா. மெஷின் சத்தத்திலேயே காலம் தள்ளி, காது பாதி மந்தமாகிவிட்ட மனிதர். எங்கள் எல்லாருக்குமே அவர் சித்தப்பாதான். மேலே பொறுப்பு காலேஜ். இரண்டுக்கும் நடுவில் ஒருத்தி இருந்தாள். காலையில் கீழே ஈரத்துணி பிரிப்பாள், மத்தியானத்துக்கு மேல் எங்களோடு வந்து மடிப்பாள். அவளுக்கு மாடிப்படி என்று பெயர் வைத்திருந்தோம். காலேஜும் அவளும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், வாடி போடி என்றுதான் பேச்சு.

மாடிப்படியின் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தார். வீடு அடுத்த தெரு. நடுப்பகலில் கீழே வேலை முடிந்து கிளம்புகிறவள் நேரே மேலே வரமாட்டாள். வீட்டுக்கு ஓடிப்போய் அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, சாப்பாடு ஊட்டி, வாய் துடைத்துவிட்டு வருவாள். சாப்பாட்டு நேரம் அதற்குப் போதாது. கீழே கேட்டால் மேலே போய்விட்டாள் என்பார்கள், மேலே கேட்டால் இன்னும் வரவில்லை என்போம். முதலாளியைத் தவிர எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஒருவரும் வாய் திறந்ததில்லை. அந்த இடுக்கைக் கடவுள்தான் அந்த வீட்டுக்காக விட்டுவைத்திருக்கிறார் என்று நான் எண்ணிக்கொள்வேன்.

ஒரு நாள் காலேஜ் பெரிய காகிதம் ஒன்றை இஸ்திரி மேஜையில் விரித்துப் பென்சிலால் கட்டம் கட்டமாகப் போட்டாள். வேலை செய்கிற இடத்தில் யார் யாருக்குக் கீழே என்று வரைந்து வரச் சொல்லியிருந்தார்களாம். எல்லாரும் போய் மொய்த்துக்கொண்டோம்.

"எனக்கு ஏன்டி இத்தனூண்டு கட்டம்? என் உடம்பு இதுக்குள்ள அடங்குமா?" என்றாள் பட்டன் தைக்கிறவள்.

"முதலாளிக்கு மேல இன்னொரு கட்டம் போடும்மா. அவர் வீட்டம்மாவை விட்டுட்டியே" என்றார் சித்தப்பா.

மாடிப்படி எட்டிப் பார்த்தாள். "நான் எங்கடி இருக்கேன்?"

"நீ நடுவுல. உனக்கு மட்டும் ரெண்டு கோடு, பாத்துக்க. சித்தப்பாகிட்டேருந்து ஒண்ணு, என்கிட்டேருந்து ஒண்ணு."

"பரவாயில்லையே, முதலாளிக்குக்கூட இல்லாத மவுசு எனக்கு."

அந்த இரண்டு கோட்டைத்தான் விரிவுரையாளர் அம்மா சிவப்பு மையில் சுழித்து அனுப்பினார். இவர் வராவிட்டால் யார் பதில் சொல்வது, ஒரு ஆளுக்கு ஒரு கோடு போட்டுத் திருத்தி வாருங்கள் என்று ஓரத்தில் எழுதியிருந்தது. அன்று ராத்திரி காலேஜ் ஒரு கோட்டை அழித்துவிட்டு, மாடிப்படியைத் தனக்குக் கீழே கொண்டுவந்து வைத்தாள். அழிக்கும்போது அந்த மத்தியானச் சாப்பாடு நினைவுக்கு வராமல் இல்லை. வெறும் படம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று மனசைத் தட்டித் தூங்கவைத்துவிட்டாள். இதை அவளே பிற்பாடு என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள்.

படத்துக்கு நல்ல மார்க் வந்தது. பணம் கட்டினவர் இல்லையா, முதலாளி வாங்கிப் பார்த்தார். பார்த்தவர் பூரித்துப்போய் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கைரேகை வைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அடுத்த திங்கள் முதல் அதில் இருக்கிறபடியே வேலை என்று உத்தரவு. மாடிப்படி காலையிலிருந்தே மேலே வந்தாள். சாப்பாட்டு மணி அடித்தால் எழ வேண்டும், மறுபடி அடித்தால் உட்கார வேண்டும். இடுக்கு மூடிக்கொண்டது.

அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. காலையில் கிளம்பும்போதே வீட்டுக்காரரின் நல்ல கைப்பக்கம் தட்டை வைத்துவிட்டு வந்தாள். பாதி வாய்க்குப் போனது, பாதி படுக்கையில் கொட்டியது. திருப்பிப் போட ஆள் இல்லாமல் முதுகில் புண் வந்தது.

"முதுகைப் பாக்கவே முடியலடி" என்று காலேஜிடம்தான் சொன்னாள். "ஆனா படத்துல நீ என்னை உன் பக்கத்துலயே போட்டுக்கிட்டதைப் பாத்தப்போ சந்தோஷமாத்தான் இருந்துச்சு. வேற யாருக்குக் கீழயாவது போட்டிருந்தா என் கதி என்ன?"

அந்தப் பேச்சுக்குப் பிறகு காலேஜுக்கு முகம் முகமாக இல்லை. முதலாளியிடம் போய் நின்றாள்.

"சார், அந்தப் படம் தப்பு."

"தப்பா? பல்கலைக்கழகத்துல மார்க் போட்டிருக்காங்க. அவங்களைவிட உனக்குத் தெரியுமா?"

"அந்தம்மாவை மட்டும் முன்ன மாதிரி கீழயும் மேலயுமா..."

"ஏன், என்ன காரணம்?"

காரணத்தைச் சொன்னால், இத்தனை வருடம் நடுப்பகலில் அவள் எங்கே போனாள் என்பதையும் சொல்ல வேண்டும். வேலையே போய்விடும். அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது. "ஒண்ணுமில்லை சார்" என்று திரும்பி வந்துவிட்டாள். விரிவுரையாளர் அம்மாவையும் போய்க் கேட்டாள். அவர் நல்ல மாதிரிதான்.

"ரெண்டு பேருக்குக் கீழ ஒருத்தர் இருக்கிற அமைப்பும் உண்டும்மா. அது கடைசிப் பாடத்துல வரும். முதல்லயே சொன்னா பிள்ளைங்க குழம்பிடுவாங்கன்னுதான்" என்றாராம்.

மறுநாள் காலேஜ் மாடிப்படியிடம் சாவி வாங்கிக்கொண்டு தானே அந்த வீட்டுக்குப் போனாள். மேற்பார்வைக்காரியை எங்கே போனாய் என்று கேட்பார் இல்லை. அந்த மனிதர் வேற்றுப் பெண்பிள்ளையைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கரண்டியை நீட்டினால் பல்லை இறுக்கிக்கொண்டார். கண்ணோரம் நீர் வழிந்தது. தொட்டுத் திருப்ப இவளுக்குக் கை எழவில்லை. நிரப்பிய தட்டை மூடிவைத்துவிட்டு வந்து, துணி அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதாள்.

"கடவுள் என்னை மன்னிப்பாராக்கா?"

"அவர் மன்னிப்பாரும்மா. அந்த மனுஷனுக்குப் பசிக்குமே, அதைப் பாரு" என்றேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே மாடிப்படியின் மேஜைக்குப் போனாள். "நீ கிளம்பு. நான் மடிக்கறேன். நாளைலேருந்தும் அப்படித்தான்" என்றாள்.

அன்று முதல் தன் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்த மேஜையில் நின்றாள். ஒரு தரம் முதலாளி பார்த்துவிட்டார்.

"என்ன, மேனேஜர் ஆகப்போறவ நீயே மடிக்கற?"

"வேலை தேங்கிடுச்சு சார்."

"பாத்தீங்களா, படிப்புன்னா இதான்!" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

புண் மெல்ல ஆறிவருகிறது. நானும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். காலேஜ் பரீட்சையில் தேறிவிட்டாள், இப்போது மேனேஜர். ஆனால் அவளுக்கு நிம்மதி இல்லை. முன்பெல்லாம் மாடிப்படி யாரையும் கேட்காமல் போய்வந்தவள். இப்போது நடுப்பகல் ஆனதும் ஏப்ரனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காலேஜ் முன்னால் வந்து நிற்கிறாள்.

"போய்ட்டு வரட்டுங்களா?"

"என்னைக் கேக்காதேன்னு எத்தனை தடவைடி சொல்றது? போ."

"கேக்காம எப்படிப் போறதுங்க? நாலு பேர் பாக்கறாங்க. உங்களுக்குத்தானே கெட்ட பேரு."

அந்தக் கேள்வி காதில் விழக்கூடாது என்று காலேஜ் இப்போதெல்லாம் நடுப்பகல் நெருங்கும்போதே சரக்கறைக்குள் போய்ச் சோப்புப் பெட்டிகளை அடுக்குவதுபோல் நிற்கிறாள். மாடிப்படி அங்கேயும் தேடிப் போய், கதவுக்கு வெளியே அடக்கமாக நின்று, அனுமதி கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு ஓடுகிறாள்.