நான்காவது வரிசைக் காற்று

சைக்ளோஸ்டைல் மையின் வாசம் அந்தத் தாளிலிருந்து என் விரலுக்கும், விரலிலிருந்து சட்டைப் பைக்கும் ஏறி இரண்டு நாள் போகாமல் இருந்தது. புனே பக்கத்துச் சிஞ்ச்வட்டில் எங்கள் காலனித் தமிழர்கள் பொங்கலுக்கு நடத்திய புதிர்ப் போட்டியின் தாள் அது; நான் அப்போது நாலாம் வகுப்பு. தாளில் ஒரு கப்பல், அதன் விரித்த பாயில் ஐந்து வரிசைக் கட்டங்கள், கீழே கடலைப் பற்றிய ஐந்து குறிப்புகள். கட்டத்துக்கு ஓர் எழுத்தாக விடைகளை நிரப்பி, வரிசைக்கு ஒன்றாக வட்டமிட்டிருக்கும் எழுத்துகளை மேலிருந்து கீழாகப் படித்தால், கப்பல் போய்ச் சேரும் இடம் தெரியும். ஒரு விடை தப்பினாலும் கப்பல் மூழ்கிவிடும். சந்தேகம் வந்தால் ஒரே ஒரு தடவை, பின்னால் இருக்கும் பெரியவர்களில் ஒருவரிடம் ஓடிப்போய்க் கேட்கலாம். அதற்குக் ‘கரைக்குப் போறது’ என்று பெயர்.

பெயர் பதியும் மேசையில் அப்பாவிடம் கையெழுத்துக் கேட்டார்கள். தூத்துக்குடியில் தோணியில் வேலை பார்த்துவிட்டு இங்கே பட்டறைக்கு வந்தவர் அவர். பெருவிரலை மையில் ஒற்றி வைத்தார். பின்னால் நின்ற பையன்கள் கைநாட்டு என்பதை இந்தியில் ‘அங்கூட்டா, அங்கூட்டா’ என்று சொல்லிச் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

துடுப்பு, பாறை, முத்து, கடைசியில் நங்கூரம் எல்லாம் வந்துவிட்டன. வட்டங்களைப் படித்ததும் ‘துறைமுகம்’ என்றும் புரிந்துவிட்டது. நான்காவது வரிசைதான் காலி: மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்குக் கடலோடிகள் சொல்லும் பெயர், நான்கு எழுத்து, முதல் எழுத்து ‘க’. காற்று என்றால் அப்பாவுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். முன்வரிசையில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்துச் சாரைத் தாண்டி, வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் எண்ணெய்க்கறைக் காக்கியோடு நின்ற அப்பாவிடம் ஓடினேன்.

“கச்சாம்லே, கச்சான். இது கூடவா தெரியாது? அது அடிச்சா பாயைச் சட்டுனு இறக்கணும், இல்லன்னா தோணி…” என்று ஆரம்பித்தார். புனேக்கு வந்தபின் அவர் அவ்வளவு உற்சாகமாகப் பேசி நான் கேட்டதில்லை. பாதியிலேயே திரும்பி ஓடிவிட்டேன்.

ஐந்தையும் நிரப்பியவன் நான் ஒருவன்தான். போட்டியை நடத்திய வங்கி அதிகாரி என்னை மேடையேற்றி, “இந்தக் காத்து பேர யாரும் எழுத மாட்டீங்கன்னு வீட்டுல பந்தயமே கட்டிட்டு வந்தேன். கரையில யாருகிட்ட கேட்ட தம்பி? அவங்களும் வரட்டும், ஒரு சால்வை போடணும்” என்று மைக்கை என்னிடம் நீட்டினார். வாசலில் அப்பா காக்கிச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நேர் கீழே அந்தப் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க சார்கிட்ட” என்றேன்.

“நானாடா? எப்ப?” என்று சார் எழுந்தார். அதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டதால் அவரும் மேடைக்கு வந்து சால்வையை வாங்கிக்கொண்டார். பட்டனிலிருந்து கையை இறக்கி அப்பாவும் கைதட்டினார்.

வீட்டுக்கு நடக்கும்போது, “சாரு ஏறுனதுதாம்லே சரி. மேடையில நின்னு எனக்கு என்ன பேசத் தெரியும்?” என்றார். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்று, அவருடைய பட்டறையிலேயே பக்கத்தில் நின்று பல வருடம் வேலை பார்த்தேன். ஒவ்வொரு ஜூனிலும் மேற்கிலிருந்து மழைக்காற்று கிளம்பும்போது வாசலில் நின்று முகத்தை அதற்குக் காட்டுவார். ஆனால் என் எதிரே அதன் பெயரை மட்டும் அவர் மறுபடி சொன்னதே இல்லை.

போன பொங்கலுக்கு என் மகள் குடியிருக்கும் கராடி அடுக்குமாடிக் குடியிருப்பில் அதே மாதிரிப் போட்டி வைத்தார்கள், போனிலேயே கட்டங்கள். ஒரு விடை தெரியாமல் என்னிடம் கேட்டாள், சொன்னேன். ஜெயித்ததும் மைக்கைப் பிடித்து, தட்டுத் தடுமாறிய தமிழில், “அப்பா சொன்னாங்க” என்றாள். அவளுக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

காலனி ஹால் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். அப்பா இல்லை. காற்று மட்டும் ஜூனில் தவறாமல் வருகிறது. அதன் பெயர் தெரிந்தவன் எங்கள் வீட்டில் இனி நான் ஒருவன்தான். எனக்கும் அதைச் சொல்ல வாய் வருவதில்லை.