ஆஸ்பத்திரி படிப்பு

நான் படிக்கச் சேர்ந்தது ஒஸ்டியோபதி, மருந்தில்லாமல் கையாலேயே செய்கிற வைத்தியம். அதிலும் தலைக்கு மட்டும் செய்கிற பிரிவு. படுத்திருப்பவரின் தலையை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தி, அழுத்தாமல், திருகாமல், எலும்புகளுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று விரலால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த நான் பட்டபாடு கொஞ்சமல்ல. கடைசியில் அவள் காதில் விழுந்தது ஒரே சொல்தான்.

"ஆஸ்பத்திரி படிக்கிறான்" என்று எங்கள் மஹய்யாவ குடியிருப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"ஆஸ்பத்திரி இல்லம்மா, ஒஸ்டியோபதி."

"அதைத்தானேடா நானும் சொல்றேன்."

எங்கள் வீட்டில் பாடசாலையை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். அப்பா முனிசிபலில் தெரு கூட்டியவர். அவர் போன பிறகு அதே விளக்குமாற்றை அம்மா எடுத்தாள். ஆகவே நான் எதைப் படித்தாலும் அது ஆஸ்பத்திரியாகத்தான் இருக்க முடியும் என்று அவள் நம்பியதில் பிழை இல்லை. தண்ணீர்க் குழாயடியில் என்னைக் கண்டால் பெண்கள் "ஆஸ்பத்திரி தம்பி, இந்த முழங்கால கொஞ்சம் பாருங்க" என்பார்கள். நான் வெட்கப்பட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

அம்மாவுக்கு அப்போது தலைவலி தொடங்கியிருந்தது. சுக்கு அரைத்துப் பத்துப் போடுவாள். பழைய சேலைக் கிழிசலால் நெற்றியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள். "டொக்டர்ட்ட போவோம்" என்றால், "வீட்டுலயே ஒன்னு வளருது, நான் எதுக்கு வெளிய போய் வரிசையில நிக்கணும்?" என்பாள். அவள் எனக்காகத்தான் வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் எங்கள் வகுப்பாசிரியர் கண்டிப்பானவர். ஒரு புத்தகத்தையாவது முழுதாகப் படித்து முடிக்காதவன் எவர் தலையிலும் கை வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். எந்தப் புத்தகம் என்று மட்டும் சொல்லவில்லை. அதை நாங்களே தேடித் தெரிந்தெடுக்க வேண்டுமாம்.

"புத்தகம் கெடச்சுதா?" என்று அம்மா தினமும் கேட்டாள். கேட்கும்போது கை தன்னையறியாமல் நெற்றிக் கட்டுக்குப் போகும்.

அக்குறணையில் பழைய ஆங்கிலப் புத்தகங்கள் விற்கிற கடை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். கடைக்கார முஸ்லிம் நாநா என் தேவையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தலைக்கு மட்டும் தனியா ஒரு படிப்பா? அப்ப காலுக்கு வேற பொஸ்தகம் தேடணுமோ?" என்று சிரித்தார். உள்ளே போய் இரண்டைக் கொண்டுவந்து கதிரையில் வைத்தார்.

ஒன்று மெல்லியது, பளபளப்பான அட்டை. ஒற்றைத் தலைவலி, காதிரைச்சல், தூக்கமின்மை, மனக்கவலை எல்லாம் கைபட்டால் தீரும் என்று முதல் பக்கத்திலேயே சொன்னது. மற்றது தடியன். ஆற்று வெள்ளம் கடைக்குள் வந்தபோது கீழ்த்தட்டில் இருந்திருக்கிறது. நனைந்து காய்ந்து ஊதிப்போய், பக்கங்கள் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. நிறைய எலும்புப் படங்கள், நரம்புகளின் வாயில் நுழையாத பெயர்கள்.

"இந்த மெல்லிசத்த எடுங்க மகன், சீக்கிரம் முடிச்சிரலாம்" என்றார் நாநா.

எனக்கும் அதுதான் ஆசை. சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் அம்மாவின் தலையை ஏந்தலாம். சும்மா ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று தடியனைப் பின்பக்கத்திலிருந்து புரட்டினேன். கடைசி அதிகாரம் எந்தத் தலையைத் தொடக்கூடாது என்பதைப் பற்றியது. விடிந்து கண் திறக்கும்போதே வலி இருந்தால், அதோடு வாந்தி வந்தால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், கையை எடு, உடனே மருத்துவமனைக்கு அனுப்பு என்று அதில் எழுதியிருந்தது. மெல்லிய புத்தகத்தில் அப்படியொரு பக்கமே இல்லை.

இரண்டு நாளைக்கு முன்தான் அம்மா முகம் கழுவப் போன இடத்தில் வாந்தியெடுத்துவிட்டு, "ஒரு பஸ்ஸு வந்தா ரெண்டா தெரியுதுடா, எதுல ஏறுறதுன்னு எனக்கே கொழப்பமா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்திருந்தேன்.

"என்ன மகன், மொகம் இப்படிப் போச்சு?"

"அம்மாவுக்கு" என்றேன். அந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டினேன். நாநா தடியனை என் கையில் திணித்து, "போங்க, போங்க, உம்மாவப் பாருங்க" என்று பஸ்ஸை அவரே கைகாட்டி நிறுத்தினார்.

வீட்டில் அம்மா புத்தகத்தைக் கண்டதும் நெற்றிக் கட்டை அவிழ்த்துப் பாயில் படுத்துவிட்டாள். "வா, வையி."

"இல்லம்மா. பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்."

"அப்ப நீ படிக்கிறது?"

"இது ஆஸ்பத்திரி இல்லம்மா" என்றேன். முன்பு எத்தனையோ தரம் சொன்னதுதான். அன்றுதான் அது அவளுக்குக் கேட்டது. எழுந்து சேலை மாற்றினாள்.

மூளைக்குள் கட்டி என்றார்கள். வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்குள் அம்மா வார்டில் எல்லோருக்கும் என்னை அறிமுகப்படுத்தியிருந்தாள். சிங்கள நர்ஸ் மிஸ்ஸிடம் சிங்களத்திலேயே, தன் மகனும் ஆஸ்பத்திரிதான் என்று சொன்னாளாம். நம்பிக்கை போயிருந்தாலும் பெருமை போகவில்லை.

சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகுமுன் அவள் முடியை மழித்துவிட்டார்கள். மொட்டைத் தலையோடு படுத்துக்கொண்டு, "இப்பவாவது ஒருதரம் வையிடா. ஊர்த் தலையெல்லாம் புடிக்கப்போற, என் தலைக்கு மட்டும் இல்லையா?" என்றாள்.

அந்த அதிகாரத்தின் வரிகள் அப்படியே கண்முன் நின்றன. கை தலைவரைக்கும் போய்த் திரும்பிவிட்டது. கட்டிலின் மறுகோடிக்குப் போய் அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டேன். தார் ரோட்டில் நடந்து வெடித்த குதிகால்கள்.

"தலையக் கேட்டா காலப் புடிக்கிறான் பாருங்க" என்று அம்மா அடுத்த கட்டில்காரியிடம் சொன்னாள். "என்ன தப்பு செஞ்சானோ!" இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தபடியேதான் அம்மாவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு அவள் கண் திறக்கவில்லை.

வீட்டு வாசலில் குளிப்பாட்டும்போது, மகன் எண்ணெய் வைக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். கிண்ணத்தில் எண்ணெயும் அரப்பும் இருந்தன. தலையில் தையல் போட்ட இடத்தை மூடி வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. நான் குந்தியிருந்து, வகுப்பில் பழகியபடி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவள் தலைக்கு அடியில் கொண்டுபோனேன்.

"தம்பி, தம்பி" என்று யாரோ என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார்கள். "உள்ளங்கையால இல்ல. செத்தவங்களுக்குப் பொறங்கையாலதான்."

புறங்கையால் தொட்டு வைத்தேன்.