முன்வரிசைக்கு இழுத்துவிட்ட பெண்

எங்கள் பெண்கள் சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. மனு கொடுத்துவிட்டு வந்ததும் கடலூர் கலெக்டர் அலுவலக வாசலிலேயே எல்லோரும் நின்று போட்டோ எடுப்போம். பத்திரிகைக்காரர்களுக்கும் வாட்ஸப் குழுவுக்கும் அனுப்புவோம். அதை ஆரம்பித்து வைத்தது நான்தான். இன்னொரு பழக்கம் எனக்கு மட்டுமே உரியது. பின்னால் பதுங்குகிற பெண்களைப் பிடித்து முன்வரிசைக்கு இழுத்துவிடுவேன். தலைவி என்றால் அதட்டத் தெரிய வேண்டாமா?

அந்தத் திங்கட்கிழமை, பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கேட்டு மனு. சிதம்பரத்திலிருந்து ஒருத்தியும் வந்திருந்தாள். நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டும் புருஷனிடம் அடிபட்டு, கை முறிந்து எங்களிடம் வந்தவள். சிதம்பரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் சமையலறையில் நான்தான் அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டேன். தங்குவதும் அங்கேயே. எட்டு மாதமாக அவள் இருக்கிற இடம் அவனுக்குத் தெரியாது.

காலை டிபன் வேலையை முடித்த கையோடு ஓடி வந்திருந்தாள். போட்டோவுக்கு நிற்கும்போது கடைசி வரிசைக்குப் போய் முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டாள். எனக்கு எரிச்சல் வந்தது.

"இன்னும் எத்தினி நாளைக்குத்தான் பயந்துக்கினு இருப்ப? முன்னாடி வா."

வந்தாள். என் பக்கத்திலேயே நின்றாள். அவள் கழுத்தில் ஹாஸ்டல் அடையாள அட்டை தொங்கியதை நான் கவனிக்கவில்லை. படத்தைக் குழுவில் போட்டதும் நான்தான்.

மறுநாள் காலை பதினோரு மணி இருக்கும். செம்மண்டலத்தில் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவள் புருஷன்தான். முன்பு சமரசம் பேசிய நாளில் என் நம்பரை வாங்கி வைத்திருந்தான்.

"வணக்கம் மேடம். உங்க போட்டோ சுத்திச் சுத்தி நம்ம போனுக்கும் வந்துச்சு. பெருசு பண்ணிப் பாத்தா அட்டையில ஹாஸ்டல் பேரு நல்லாத் தெரியுது. அங்கதான் போய்க்கினு இருக்கேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமேன்னு..."

குரலில் கோபமே இல்லை. துணியை வாளியிலேயே போட்டுவிட்டுக் கீழே ஓடினேன்.

ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. சமையலறையில் வேலை செய்பவர்கள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. சிதம்பரம் போலீசுக்குச் சொன்னேன், ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். ஈரப் புடவையோடு வாடகைக் காரில் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டும்வரை முன்னால் போன ஒவ்வொரு பைக்கிலும் அவன் முகத்தைத் தேடினேன். மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவள் நான். அன்று "கொஞ்சம் சீக்கிரம் போப்பா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வழி நெடுக என்னையே திட்டிக்கொண்டேன்.

ஹாஸ்டல் வாசலில் அவன் நின்றிருந்தான். பெண் போலீஸ் ஒருவர் அவனைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார். நான் காய்கறி வண்டி வரும் பின்வழியாக உள்ளே ஓடினேன்.

அவள் ஒரு துணிப்பையில் சாமான்களைத் திணித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"என்னை மன்னிச்சுடும்மா. என்னாலதான்" என்றேன்.

"எட்டு மாசம் தேடியும் அந்த ஆளால கண்டுபுடிக்க முடியலக்கா. நீங்க காட்டிட்டீங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் பின்வரிசைக்குப் போனதை நான் கோழைத்தனம் என்று நினைத்தேன். உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்தவள் அப்படித்தான் நிற்பாள். இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தும் அது எனக்குப் புரியவில்லை.

பின்வாசல்வரை கூடவே போனேன். காரில் ஏறிக்கொள், கடலூரில் வேறு இடம் பார்த்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சரி, எங்கேதான் போகப் போகிறாய் என்று கேட்டேன்.

"அத உங்ககிட்ட சொல்ல மாட்டேன்க்கா" என்றாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்துக்குள் நடந்தாள். அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்க்காமல் நான் உள்ளே வந்துவிட்டேன்.