சினைப்பைக்கு ஒரு வருஷ விடுப்பு

அடையாறில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு ஆடுதொட்டியிலிருந்து காலையிலேயே சினைப்பைகள் வந்துவிடும். வெட்டிய ஆட்டின் வயிற்றிலிருந்து எடுத்து, உப்புநீரில் போட்டு அனுப்புவார்கள். மயிலாப்பூரில் என் புகுந்த வீட்டில் கணவருக்கு மட்டும்தான் இது தெரியும். மாமியாருக்குத் தெரிந்தால் தினமும் தலைக்குக் குளித்த பிறகுதான் சமையலறைக்குள் விடுவார்.

ஆட்டின் முட்டையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் செல்களைப் பிரித்தெடுத்துத் தட்டில் வளர்ப்பேன். வளர்ச்சிக் காரணி என்ற புரதம் அவற்றுக்கு விடாமல் கிடைத்தாக வேண்டும். 'இரு, இரு' என்று யாராவது சொல்லிக்கொண்டே இருந்தால்தான் அவை இருக்கும். அந்தப் புரதம் நின்றால் யாரும் வந்து கொல்ல வேண்டாம், தாங்களே துண்டு துண்டாக உடைந்து செத்துப்போகும். அவை போனால் அவற்றை நம்பியிருக்கும் முட்டையும் போகும். காரணியைத் தாமதமாக ஊற்றினால் என்ன ஆகும் என்பதுதான் என் ஆராய்ச்சியே. ஓர் அளவுக்கு மேல் தாமதித்தால் குடம் குடமாகக் கொட்டினாலும் ஒன்றும் நடக்காது.

முப்பத்தைந்து வயதில் குழந்தைக்காக டாக்டரிடம் போனோம். ஸ்கேன் பார்த்த அந்த அம்மாள், "உங்க வயசுக்கு முட்டை ரொம்பக் கம்மியா இருக்கும்மா. ஊசி போட்டா, மாசாமாசம் வீணாப் போற முட்டைகள்ல சிலதைக் காப்பாத்தி எடுத்துடலாம். தள்ளிப்போடாதீங்க" என்றார். ஊசி ஆரம்பிப்பதற்குள் மாமனார் தவறிப்போனார்.

காரியமெல்லாம் முடிந்ததும் மெதுவாகப் பேச்செடுத்தேன். "வருஷாப்திகம் ஆகட்டும்மா. அதுவரைக்கும் ஆத்துல புதுசா எதுவும் ஆரம்பிக்கப்படாது" என்றார் மாமியார். கணவரைப் பார்த்தேன்.

"ஒரு வருஷத்துல என்ன ஆயிடப்போறது?"

என்ன ஆகும் என்று அவரிடம் தனியாக உட்கார்ந்து, என் தட்டுகளில் பார்த்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். "அது ஆடு. நீ மனுஷி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே" என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டார்.

அதே வருஷம் அவர் கார் வாங்கினார். பழையதைக் கொடுத்து மாற்றினதாம், அதனால் அது புதுசு கணக்கில் வராதாம். மாமியாரும் தலையாட்டினார். உலோகத்துக்குக் கிடைத்த சலுகை என் உடம்புக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அப்படியே இருக்கிறது.

திதி கொடுத்த கையோடு ஊசி ஆரம்பித்தோம். வயிறு முழுக்கக் கன்றிப்போனது. ஸ்கேன் திரையில் டாக்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெகுநேரம் தேடினார். ஒன்றுகூட வளரவில்லை. வேறொரு பெண்ணின் முட்டையைத் தானமாக வாங்கிக்கொள்ளலாம் என்று தணிந்த குரலில் சொன்னார். எனக்கு அழுகைகூட வரவில்லை. அந்தத் திரையைப் போல எத்தனையோ தட்டுகளைப் பார்த்தவள் நான்.

காரில் வீடு திரும்பும்போது லஸ் முனையில் வண்டிகள் நகரவே இல்லை. ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டபடி கணவர் சொன்னார்:

"யோசிச்சா இதுல ஒரு சௌகரியம் இருக்கு. யாரோ சின்ன வயசுப் பொண்ணோட முட்டைதானே? இனிமே அவசரமே இல்லை. தை பொறக்கட்டும், நிதானமாப் பாத்துக்கலாம்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து என் அறிவியலோடு அவர் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.