எழுந்து நின்ற குற்றம்

என் வீட்டுக்காரருக்கு வந்துகொண்டிருந்த ஊனமுற்றோர் உதவித்தொகை நின்றுபோனதற்குக் காரணம், அவர் டாக்டரைப் பார்த்து எழுந்து நின்றதுதான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கொஞ்ச நாள் நானே நம்பவில்லை.

கச்சிராயபாளையத்தில் எங்களுக்கு நிலம் கிடையாது. கரும்பு வெட்டு இருந்தால் கரும்பு வெட்டு, இல்லாவிட்டால் களையெடுப்பு, அதுவும் இல்லாவிட்டால் நூறு நாள் வேலை. அவர் கரும்பு லோடு ஏற்றுகிறவர். டிராக்டர் மேல் நின்று கட்டு அடுக்கும்போது கயிறு அறுந்து மல்லாந்து விழுந்தார். முதுகெலும்பில் அடி. பல மாதம் படுத்துக் கிடந்து, பிறகு கம்பு ஊன்றி நடந்தார். நடந்தார் என்றால், வலது காலை வைத்துவிட்டு இடது காலை அதன் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு வருவார். இடது கால் செருப்பு தெருவிலேயே கழன்று கிடக்கும், அவருக்குத் தெரியாது. நான் பின்னாலேயே பொறுக்கிக்கொண்டு போவேன்.

அப்போது நாங்கள் விழுப்புரம் மாவட்டம். அங்கே போய் டாக்டர்களிடம் காட்டி, சதவீதம் போட்டு, சர்டிபிகேட் வாங்கினோம். உதவித்தொகை வந்தது. பெரிய பணம் இல்லை. ரேஷன் அரிசி போக மாத்திரை, எண்ணெய், பஸ் செலவு எல்லாம் அதில்தான் ஓடியது. அதைவிட, மாசம் ஒரு தடவை அவர் கையால் எடுத்து என்னிடம் கொடுக்க முடிந்தது. கொடுக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். அந்த ஒரு நாள் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும்.

அந்தச் சர்டிபிகேட்டுக்கும் ஆயுசு உண்டு என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு ஒருநாள், அதைப் புதுப்பிக்க வேண்டும், கல்யாண மண்டபத்தில் முகாம் போடுகிறார்கள், வந்து காட்டுங்கள் என்று விஏஓ சொல்லி அனுப்பினார்.

பெரிய மனுஷர்கள் முன்னால் அழுக்காகப் போகக் கூடாது. அதனால் அவர் சவரம் செய்துகொண்டார், தலைக்குக் குளித்தார், பொங்கலுக்கு எடுத்த வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டார். எதிர்வீட்டு இஸ்திரிப் பெட்டியைக் கேட்டு வாங்கிச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தது நான்தான். மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார். கூடவே கம்பையும் சுவரோரம் சாத்தினார். "கம்போட உள்ள போனா மரியாதையா இருக்காது" என்றார். வாசலில் இருந்து மேசை வரை நாற்காலி நாற்காலியாகப் பிடித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். அந்த நேரம் டீ குடிக்கப் போயிருந்த டாக்டர் உள்ளே வந்தார். இவர் சட்டென்று எழுந்து நின்று கும்பிட்டார். வலியில் இவர் தாடை இறுகிப்போய் இருந்தது எனக்குத் தெரிந்தது. டாக்டரோ இவர் கும்பிட்ட கையைத்தான் பார்த்தார்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேங்க."

"வலி இருக்கா?"

"பரவாயில்லீங்க."

"தனியா நடப்பீங்களா?"

"உங்க புண்ணியத்துல நடப்பேங்க."

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் வேறு பதில் கிடையாது. உயிர் போய்க்கொண்டிருந்தாலும் நல்லா இருக்கேங்கதான். டாக்டர் சின்ன வயசுக்காரர், வரிசை தெரு வரைக்கும் நின்றது. இவர் சொன்னதை அவர் எழுதிக்கொண்டார். காலைத் தொட்டுப் பார்த்திருக்கலாமே என்று எத்தனையோ நாள் அந்த டாக்டரை வாய் ஓயும் மட்டும் திட்டியிருக்கிறேன். இப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

நாற்பது சதவீதம் இருந்தால்தான் பணம். இவருக்கு அதற்குக் கீழே போட்டிருந்தார்கள். விஷயம் தெரியாமல் பணம் ஏன் வரவில்லை என்று நான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். கடைசியில் ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உன் வூட்டுக்காரரு தேறிட்டாருன்னு வந்துருக்குதும்மா. நல்ல விசயம்தான?" என்றார். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்காகச் சந்தோஷப்பட்டார். அவரை என்ன சொல்லித் திட்டுவது?

திங்கட்கிழமை மனு கொடுக்கிற கூட்டத்தில்தான் ஒரு அக்காவைப் பார்த்தேன். மூன்று சக்கர வண்டியில் வந்து, எங்களைப் போன்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர். நான் முகாமில் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அழுத புள்ளதான் பால் குடிக்கும். நீ இன்னாடான்னா மாப்ள மாதிரி ஜோடிச்சி இட்டுனு போயிருக்கற" என்றார். "மேல்முறையீடு போடலாம். ஆபீசர் கூப்ட்டு விசாரிப்பாரு, வேற டாக்டரும் இருப்பாரு. பொய் சொல்ல வேணாம். வூட்ல எப்டி இருக்கறாரோ அப்டியே வரணும், அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்றார். அந்த அவ்வளவுதான் எங்களை எந்தப் பாடு படுத்தியது என்று எனக்கல்லவா தெரியும்.

மனு போட்ட பிறகு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒத்திகை வைத்தோம். நான் முக்காலியில் ஆபீசராக உட்காருவேன். அவர் எதிரே உட்காரவேண்டும்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்பேன்.

"நல்லா இருக்கேங்க" என்பார்.

"மறுபடியும் பாரு! நல்லா இல்லன்னு சொல்லுங்க."

"வாயில வர மாட்டுதே" என்பார். ஒருநாள் நான் குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு கேட்டேன். மனுஷன் எனக்கே எழுந்து நிற்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். விழுந்ததில் இருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கும் பாடம் இருந்தது. அவரால் முடியாததை எல்லாம் ஆபீசர் முன்னால் நான் சொல்லவேண்டும். குளிக்க வைப்பது, கக்கூசுக்குப் போனால் வாசலில் நிற்பது, சில நாள் படுக்கையிலேயே ஆகிவிடுவது. "அதையெல்லாம் சொல்லுவியா?" என்று கேட்டார். சொல்லத்தான் வேண்டும் என்றேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

விசாரணைக்கு நாள் வருவதாக இல்லை. பணமும் நின்றுபோனதால் உள்ளூர் வேலை பத்தவில்லை. கல்வராயன் மலை மேலே மரவள்ளி பிடுங்க ஆள் கேட்டார்கள், நான் போக ஆரம்பித்தேன். விடியும் முன்னால் வேனில் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவேன். காலையில் அவர் கட்டிலில் இருப்பார், திரும்பி வரும்போதும் கட்டிலில் இருப்பார். நடுவில் எப்படிச் சமாளித்தார் என்று நான் கேட்கவில்லை. இடுப்பு ஒடிந்துபோய் வந்து விழுகிறவளுக்குக் கேட்கத் தெம்பு எங்கே இருக்கிறது?

ஒத்திகைக்குக் கூப்பிட்டால், "போதும், எனக்குப் பாடம் ஆயிடுச்சி" என்று சொல்லிவிட்டார். சரி, மானம் தடுக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஒருவழியாக நாள் வந்தது. காலையில் வேட்டியை எடுத்து வைத்தால், கைலியே போதும் என்றார். ஷேர் ஆட்டோ வாசலுக்கு வந்ததும், "தூக்கி வையி" என்றார். "அதுக்குள்ளயேவா? கள்ளக்குறிச்சி போயி ஆரம்பிங்க" என்று கேலி செய்தேன். அவர் கையை மட்டும் நீட்டினார். ஆட்டோக்காரரும் நானும் தூக்கி உட்கார வைத்தோம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் அக்கா ஒரு சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்திருந்தார்.

விசாரணை அறை சின்னது. மேசைக்குப் பின்னால் இரண்டு காலி நாற்காலி. அதிகாரியும் வயசான டாக்டர் ஒருவரும் உள்ளே வந்தபோது நான் இவரைத்தான் பார்த்தேன். இவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கும்பிட்டார்.

"எப்படிய்யா இருக்கீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"நல்லா இல்லீங்க."

எனக்கு அங்கேயே கைதட்டலாம் போல இருந்தது. பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பினார். எல்லாவற்றையும் சொன்னேன். குளியல், கக்கூசு, படுக்கை ஒன்றையும் விடவில்லை. ஒரு ஆம்பளையை ஊர் பேர் தெரியாத இரண்டு பேருக்கு முன்னால் அவிழ்த்துப் போட்டதுபோல் எனக்குக் கூசியது. ஆனாலும் சொன்னேன். சொல்லாவிட்டால் யார் சோறு போடுவார்கள்? "சம்சாரம் சொல்றது நிஜமா?" என்று அதிகாரி கேட்டதற்கு அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க" என்றார்.

எழுந்து நிற்கச் சொன்னார்கள். நாற்காலிக் கையைப் பிடித்து உந்தினார், பாதி எழும்பி உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தடவை உந்தினார். டாக்டர் போதும் என்றார். கீழே குந்தி, கைலியை முழங்கால் வரைக்கும் ஏற்றி, இரண்டு காலையும் அழுத்திப் பார்த்தார், சின்னச் சுத்தியால் தட்டிப் பார்த்தார். இவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் குண்டூசியால் உள்ளங்காலில் குத்தினார். முதலில் இடது கால், பிறகு வலது கால். நான்தான் பல்லைக் கடித்தேன். இவர் முகத்தில் ஒரு சுளிப்புக் கிடையாது.

டாக்டர் எழுந்து அதிகாரியிடம் இங்கிலீஷில் ஏதோ மெதுவாகச் சொன்னார். அதிகாரி கொஞ்ச நேரம் எழுதிவிட்டு, "பழைய சதவீதம் தப்பும்மா. மாத்தச் சொல்லி எழுதறேன். பணம் வரும்" என்றார்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து புங்கமரத்து நிழலில் நிறுத்தினேன். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. எத்தனை மாதம் கழித்து நெஞ்சில் இருந்த கல் இறங்கியிருக்கிறது.

"இன்னாமா நடிச்சிட்டீங்க!" என்றேன். "நான் சொல்லிக் குடுத்ததுக்கு மேலயே செஞ்சிட்டீங்க. இடது கால வுடுங்க, அது செத்த காலு. அந்த நல்ல கால்ல அவ்ளோ அழுத்தி ஊசி குத்தறாரு, மொகத்த அசைக்கலியே!"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஊசி குத்தனாரா?" என்று கேட்டார்.

அவர் மறுபடியும் தரையைப் பார்த்துக்கொண்டார். "அந்தக் காலும் போயி நாளாச்சி. உன்கிட்ட சொன்னா நீ மலைக்குப் போவாம வூட்லயே ஒக்காந்துக்குவ" என்றார்.

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அவருடைய வலது பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளங்காலில் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் பொட்டாக நின்றது. முந்தானையால் துடைத்தேன். ஆட்டோ வருகிறதா என்று அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.